ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் நாள் வலி: நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும்

திங்கட்கிழமை காலையில் பயிற்சி தொடங்குகிறீர்கள், அன்று முழுக்க உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லேசாகப் பிடிக்கிறது. புதன்கிழமை டவுன் பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து காலைத் தரையில் வைக்கும்போது தொடையில் உயிர் போகிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போலீஸ், ராணுவத் தேர்வுக்காக விடியற்காலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர், ஜிம்மில் பணம் கட்டிய அண்ணன்மாரும்தான், "நமக்கு இது ஆகாது" என்று விட்டுவிடுவது இந்தப் புதன்கிழமைதான். தயவுசெய்து அன்றைக்கு விடாதீர்கள்.

லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால்தான் வலி என்று ஜிம்மில் சொல்வார்கள். அது சரியில்லை. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். பழக்கமில்லாத வேலை கொடுத்ததால் தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, அதை உடம்பு சரிசெய்யும்போது வருவதுதான் இந்த வலி. 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டும், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் தானாகவே போய்விடும்.

பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போதுதான் சேதம் அதிகம். கிருஷ்ணகிரி கோட்டை மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொள்வது இறங்கியதால்தான். தீர்த்தமலைக்குப் போய் வந்தவர்களுக்கும் இது தெரியும். பஸ்கி எடுக்கும்போது கீழே உட்காரும் பாதி, தண்டாலில் நெஞ்சு தரையை நோக்கி இறங்கும் பாதி, டம்பெல்லை மெல்லக் கீழே விடும் பாதி, எல்லாம் இதே கணக்குதான். ஆகவே முதல் இரண்டு வாரம் குறைக்க வேண்டியது இந்த இறங்கும் வேலையை. பஸ்கியை நாற்காலி உயரம் வரைக்கும் மட்டும் இறங்கிச் செய்யுங்கள், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், மலை ஏறினால் ஓடி இறங்காதீர்கள்.

சரி, வலி ஏற்கெனவே வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? படுத்துவிடாமல் நடங்கள். 20 நிமிடம் சமதளத்தில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். முதல் ஐந்து நிமிடம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் கால் இளகும். நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் வலி திரும்பும், அதற்காகப் பயப்படாதீர்கள், மாலையில் இன்னொரு முறை நடங்கள். தொடை வலிக்கிற நாளில் கைக்கும் தோளுக்கும் பயிற்சி செய்யலாம். அதே தசைக்கு மறுபடி கடுமையான வேலை கொடுக்க இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். இழுத்து நீட்டும் பயிற்சிகளை நிறைய பேர் நம்புகிறார்கள், இந்த வலியை அவை பெரிதாகக் குறைப்பதில்லை. பிடித்திருந்தால் மெதுவாகச் செய்யுங்கள், வலியை மீறி இழுக்க வேண்டாம்.

வெந்நீர் ஊற்றிக் குளித்தால் இதமாக இருக்கும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது உண்மையிலேயே கொஞ்சம் உதவும், ஆனால் மென்மையாக. ஒகேனக்கல்லில் மசாஜ் செய்துகொள்ளும் ஆசை இருந்தால் வலி தணிந்த பிறகு போங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது தட்டி முறுக்கிப் பிழியும் அந்தக் கை வேண்டாம்.

கடையில் போய் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஜிம்முக்குப் போவதை மட்டும் செய்யாதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வெறும் வயிற்றில் குடலைப் புண்ணாக்கும், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிபி, சிறுநீரகப் பிரச்சினை, அல்சர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சாப்பாட்டுக்குப் புரோட்டீன் பவுடர் டப்பா தேவையில்லை. நம் பக்கத்து ராகிக் களி நல்ல ஆகாரம்தான், ஆனால் அதில் புரதம் குறைவு, 100 கிராம் ராகி மாவில் 7 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். கூட கொள்ளுக் குழம்போ முட்டையோ கறியோ சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6 கிராம். தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து அதே பயிற்சியைச் செய்யும்போது வலி பாதிகூட இருக்காது. ஒரு முறை பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும். இடையில் மாதக்கணக்கில் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

எல்லா வலியும் இப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. மூட்டில் குத்துவது, பயிற்சியின்போதே சுரீர் என்று பிடித்தது, ஒரு கால் மட்டும் வீங்குவது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, தசை கல்லாக வீங்கிக் கை கால் தூக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், தருமபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. தசை உடைந்து அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடியவர்களுக்கும் முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்தவர்களுக்கும் வரக்கூடியது. கொழுப்பைக் குறைக்க ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ரத்தத்தில் சிகே (தசை உடையும்போது ரத்தத்தில் கூடும் ஒரு நொதி) அளவு பார்த்து நேரத்தில் டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். போனதும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, புதிதாக என்ன பயிற்சி, எத்தனை முறை, எப்போது செய்தீர்கள் என்பதைத்தான்.