ஜேட் செடி கட்டிங் போடுறது எப்படி? கூடவே இலையில இருந்து குட்டி எடுக்கிறதும்

சக்குலென்ட், அதாவது இலையிலயும் தண்டுலயும் தண்ணிய சேத்து வச்சுக்கிற சதைப்பத்தான செடி, வளர்க்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் நேரா போய் வாங்குறது எச்செவேரியா, அதான் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்கா இருக்குமே அது. பாக்க அழகுதான், ஆனா அது மெக்சிகோ மலைப்பக்கத்து செடி, ஊட்டி கொடைக்கானல் பக்கம் ஜம்முனு வரும், சென்னை மதுரை வெயில்லயும் ராத்திரி புழுக்கத்துலயும் திணறும். அதனால முதல் தடவை கட்டிங் போடுறவங்க, அதாவது கிளைய வெட்டி நட்டு புதுச் செடி எடுக்கிறவங்க, ஜேட்ல ஆரம்பிங்க. குண்டு குண்டா பளபளன்னு பச்சை இலை இருக்குமே, அந்த சக்குலென்ட்தான் ஜேட். நர்சரில ஜேட்னு குடுக்குறது பல நேரம் சின்ன வட்ட இலையும் செவந்த தண்டுமா இருக்கிற போர்ட்டுலகேரியா, தென்னாப்பிரிக்காவுல யானை மேயுற புதர் அது. அதுவா இருந்தாலும் பரவால்ல, முறை ஒண்ணுதான், சொல்லப்போனா நம்ம வெயிலுக்கு அதுதான் இன்னும் தோது. தெரிஞ்சவங்க வீட்ல இருந்தா ஒரு கிளை கேளுங்க, போதும்.

நேரம் முக்கியம். ஐப்பசி கார்த்திகை அடைமழைல போடாதீங்க, காத்துல ஈரம் ஜாஸ்தி, வெட்டின இடம் காயவே காயாது. தை, மாசி, பங்குனிதான் நல்லது.

1. வெட்டுறது

நல்லா முத்தின, பென்சில் கனத்துக்கு இருக்கிற கிளையா பாருங்க. 3, 4 இன்ச் நீளம் போதும். கத்தரியோ பிளேடோ எதுவா இருந்தாலும் டெட்டால் இல்லன்னா ஸ்பிரிட் தொட்டு துடைச்சுட்டு, நசுங்காம ஒரே வெட்டா வெட்டுங்க. அடியில இருக்கிற இலைய ரெண்டு வரிசை எடுத்துடுங்க, இலை இருந்த அந்த கணுவுல இருந்துதான் வேர் நல்லா வரும். எடுத்த இலைய தூக்கி போடாதீங்க, அதுக்கும் வேலை இருக்கு.

2. காய வைக்கிறது

பெரும்பாலும் கெட்டுப்போறது இந்த இடத்துலதான். மத்த செடி கட்டிங் மாதிரி நெனச்சு வெட்டின உடனே மண்ணுல குத்தி தண்ணிய ஊத்திடுவாங்க, ஒரு வாரத்துல அடித்தண்டு கறுத்து கொழகொழன்னு ஆயிடும். வெட்டின இடம் பச்சைப் புண்ணு, ஈரம் பட்டா பூஞ்சை உள்ள போயிடும். அதனால கிளைய ஒரு பேப்பர் மேல போட்டு, வெயில் நேரா படாத காத்தோட்டமான இடத்துல அப்படியே விட்டுடுங்க. 4 நாள்ல இருந்து 7 நாள் ஆகும், சென்னை மாதிரி கடலோர ஊர்னா இன்னும் ரெண்டு நாள் சேர்த்துக்கோங்க. நாள் கணக்க விட விரலால தொட்டு பாக்குறது மேல், வெட்டின இடம் பொருக்கு தட்டி கரடுமுரடா இருக்கணும், பிசுபிசுப்பு துளி கூட இருக்கக்கூடாது.

ஐயோ தண்ணி இல்லாம செத்துடுமேன்னு பயம் வரும். சாகாது. இந்த வகை செடிங்க பகல்ல இலைத்துளைய மூடி வச்சுட்டு ராத்திரி குளிர்ல திறந்துதான் காத்து வாங்கும், அதனால உள்ள இருக்கிற தண்ணி சீக்கிரத்துல வெளிய போகாது. இலை லேசா சுருங்கினா கூட சரிதான். வேர் சீக்கிரம் வர வெட்டின முனைல தடவுற வேர் ஹார்மோன் பவுடர்லாம் ஜேடுக்கு தேவையே இல்ல, அந்த காசுக்கு ஒரு மண்தொட்டி வாங்கலாம்.

3. மண்ணு

தண்ணி ஊத்தினா நிக்காம ஓடணும், அவ்ளோதான். ஒரு பங்கு செம்மண்ணுக்கு ரெண்டு பங்கு ஆத்து மணல், அது கூட ஒரு கைப்பிடி மண்புழு உரம். எம் சாண்ட்தான் கிடைக்குதுன்னா சலிச்சு தூசிய கொட்டிட்டு சல்லடை மேல நிக்கிற பொடிக்கல்ல எடுத்துக்கோங்க. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கோகோபீட், அதான் தேங்காய் நார்த்தூள், அது மட்டும் ரொப்பி நடுறாங்க சில பேர், அது ஈரத்த பிடிச்சு வச்சுக்கும், எனக்கு உடன்பாடு இல்ல. தயிர் டப்பா கூட போதும், ஆணிய சூடு பண்ணி அடியில நாலஞ்சு ஓட்டை போட்டுக்கோங்க.

4. நடுறது, தண்ணி

காஞ்ச மண்ணுல ஒரு இன்ச் ஆழத்துக்கு குத்துங்க, ஆடினா சுத்தி கூழாங்கல் வச்சு நிறுத்துங்க. ஒரு வாரம் தண்ணி கிடையாது. அப்புறம் கொஞ்சமா ஊத்துங்க, மண்ணு முழுசா காஞ்சப்புறம்தான் அடுத்தது. காலை இளவெயில் படுற ஜன்னலோ பால்கனியோ போதும். மூணு நாலு வாரம் கழிச்சு தண்டை லேசா இழுத்து பாருங்க, இறுக்கமா நின்னா வேர் பிடிச்சிருச்சு. தினமும் இழுத்து பாக்காதீங்க ப்ளீஸ், இப்பதான் வந்த வேர் அறுந்துடும்.

இப்ப அந்த இலைங்க. அடிப்பகுதியோட முழுசா வந்த இலையா இருக்கணும், பாதில பிஞ்சது குட்டி விடாது, ஏன்னா குட்டி வர்ற இடமே அந்த அடிதான். ரெண்டு மூணு நாள் காய வச்சுட்டு மண்ணு மேல சும்மா படுக்க போடுங்க, புதைக்க வேண்டாம். வேர் தெரிஞ்சதும் அது மேல மட்டும் தண்ணிய தெளிச்சு விடுங்க. பொறுமை வேணும், கிளை மாதிரி சீக்கிரம் வராது, சில இலை வேர் மட்டும் விட்டுட்டு குட்டி போடாமலே வாடிடும். குட்டி வந்துட்டா தாய் இலைய பிய்க்காதீங்க, தானா சருகாகி விழும்.

எல்லா செடிக்கும் இலை வேலை செய்யாது. கட்டிப்போட்டால் குட்டிபோடும்னு சொல்ற ரணகள்ளி இலைய நோட்டுக்குள்ள வச்சா கூட ஓரத்துல முளைக்கும், ஆனா சோத்துக்கத்தாழை இலைய நட்டா அழுகத்தான் செய்யும், அதுக்கு பக்கக்கன்ன பிரிச்சுதான் வைக்கணும். ஸ்நேக் பிளான்ட் இலைய துண்டு போட்டு நடலாம், மேல் கீழ் மாத்திடாம இருக்க வெட்டும்போதே அடிப்பக்கம் ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க. மஞ்ச ஓரம் இருக்கிற ரகம்னா வர்ற குட்டில அந்த மஞ்ச இருக்காது, வெறும் பச்சைதான். மஞ்ச வேணும்னா வேரோட பிரிச்சு வைங்க.

வெட்டினா பால் வடியுற கள்ளி வகைல மட்டும் ஜாக்கிரதை, பால் கண்ணுல பட்டா எரிச்சல் தாங்க முடியாது. கிளவுஸ் போட்டுக்கோங்க, வெட்டின முனைய தண்ணில முக்கி பால் நின்னப்புறம் காய வைங்க.

புதுத் தளிர் வந்தப்புறம் கணு இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா தெரிஞ்சா அது மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு, நல்லா கலக்கி சாயங்காலத்துல அடிங்க. வெயில் நேரத்துல அடிச்சா இலை பொசுங்கிடும்.