பழைய எம்எக்ஸ்-5: முதலில் ஒழுகல், பிறகு வேகம்

இங்கிலாந்தில் மலிவாகக் கிடைத்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, மடக்கும் துணிக்கூரை கொண்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். எழுந்து தாழும் முகப்பு விளக்குகளுக்காகவே வாங்கலாம். மழை பெய்தால் மட்டும் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் ஊறியது. துணிக்கூரையில் கிழிசல் இல்லை. கூரைநீர் இருபுறக் குழாய்களில் இறங்கிப் பின்சக்கரங்களுக்கு முன்னால் வெளியேற வேண்டும். அவற்றில் இலைச்சருகு அடைத்திருந்தது. கூரான கம்பியை விட்டால் குழாய் கிழியலாம். புல்வெட்டியின் தடித்த நைலான் இழையை மெல்ல நுழைத்துத் தண்ணீர் ஊற்றினேன். கறுப்புச் சேறு கொட்டியது.

தேங்கிய ஈரம் கதவுக்குக் கீழுள்ள சட்டத்தை அரித்திருந்தது. துருவை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்கவே பாதிப் பணம் போய்விட்டது. மீதியில் எஞ்சின் வலுவைக் கூட்டும் டர்போ பொருத்தச் சொன்னான் நண்பன். ஒரு டன்கூட எடையில்லாத காருக்கு எதற்கு? நல்ல டயர்கள், பிரேக் பேடுகள், சக்கரக் கோணச் சீரமைப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். சைலன்சரைத் தொடவில்லை, அண்டை வீட்டார் நல்லவர்கள்.