மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்: கோயில் கல்யாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் (பங்கு என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) திருமணப் பதிவேடு எழுதத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. தூத்துக்குடிப் பக்கம், இரண்டு கிளைக் கோயில்கள் உள்ள நடுத்தரமான பங்கு. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தகப்பனார் அச்சடித்த பத்திரிகையோடு படியேறி வருவார். "ஃபாதரப் பாத்து ஓலை எழுதணும்." ஓலை என்பது கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு. பத்திரிகையைப் பிரித்தால் தேதி, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தின் நடுவில் இருக்கும். மண்டபத்துக்கு முன்பணம் போயிருக்கும், சமையல்காரரிடமும் சொல்லியாகியிருக்கும். அந்த முகத்தைப் பார்த்து "இந்தத் தேதி முடியாதுய்யா" என்று சொல்வது எனக்கு இன்றும் கடினமாகத்தான் இருக்கிறது.

முதலில் கோயிலில் தேதி கேளுங்கள், பிறகு மண்டபத்துக்குப் போங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நம் மறைமாவட்டங்களில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரின் அனுமதி வேண்டும். 2026-ல் திருவருகைக் காலம் நவம்பர் 29-ல் தொடங்குகிறது. 2027-ல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மார்ச் 28. இடையில் கிடைப்பது கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய ஆறு வாரம்தான். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களும் அந்த ஆறு வாரத்தைத்தான் கேட்பார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் வரைக்கும் ஊருக்கு அது மார்கழி என்பதால் மண்டபங்கள் காலியாக இருக்கும். ஆடியும் அப்படித்தான். ஆடியில் கல்யாணமா என்று நம்மவர்களே தயங்குகிறார்கள். திருச்சபையில் ஆடிக்குத் தடை எதுவும் இல்லை. தூத்துக்குடியில் மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. அந்தப் பதினோரு நாளில் சொந்தக்காரர்கள் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள், மாதா கோயிலில்தான் இருப்பார்கள். உங்கள் பங்குத் திருவிழா நாட்களையும் இப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

ஓலையும் சான்றிதழும்

மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை பங்கிலும் பெண் பங்கிலும். வாசித்து முடித்து, தடை எதுவும் வரவில்லை என்ற கடிதம் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு வந்து சேர வேண்டும். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஓலை எழுத வந்தால், நடுவில் ஒரு ஞாயிறு தவறினாலும் எல்லாம் ஆட்டம் காணும். மூன்று மாதம் முன்பே வாருங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை இதற்கென்று ஒரு முறை நேரில் வந்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த வழக்கம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் செய்துகொண்ட மணங்களை அடுத்த நாளே மறுத்துவிட்டு, கைவிட்டுப் போனவர்களால் பெண்கள் பட்ட பாட்டைக் கண்டுதான், 1563-ல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் மூன்று அறிவிப்பையும், பங்கு குரு முன்னிலையில் சாட்சிகளோடு மணம் நடப்பதையும் கட்டாயம் ஆக்கியது. உங்கள் மகளைக் காப்பாற்ற வந்த வழக்கம் அது. அதைச் சுருக்கித் தரச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழ் விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் தவறுகிறார்கள். முதல் நற்கருணை, அதாவது முதல் நன்மை, வாங்கியபோது கொடுத்த பழைய சான்றிதழை, லேமினேஷன் செய்து, பத்திரமாகக் கொண்டுவருவார்கள். அது உதவாது. ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலின் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அதைக் குறிப்பார்கள். புதிதாக எடுத்த சான்றிதழில்தான் அந்தக் குறிப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். ஆறு மாதத்துக்குள் வாங்கியதைக் கேட்பது இதற்காகத்தான். திருமுழுக்குப் பெற்றது நெய்வேலி, வளர்ந்தது சென்னை என்றால் நெய்வேலிக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

பெயரையும் அப்போதே சரிபாருங்கள். கோயில் ஏட்டில் அந்தோணி, பள்ளிச் சான்றிதழில் ஆன்டனி, ஆதாரில் ஆண்டனி ராஜ் என்று மூன்று பெயரோடு வருகிறவர்கள் ஏராளம். கல்யாணத்துக்கு முன்பு இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது எளிது. விசா நேரத்தில் வந்து நின்றால் பெரும்பாடு.

திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதல் வாங்காமல் விட்டவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திருமணத் தயாரிப்பு வகுப்பை மாப்பிள்ளை பெங்களூரில் முடித்து அங்கிருந்தே சான்று கொண்டுவரலாம். வேளாங்கண்ணியிலோ பூண்டி மாதா கோயிலிலோ கல்யாணம் என்று நேர்ந்துகொண்டிருந்தாலும் ஓலை எழுதுவது சொந்தப் பங்கில்தான். அங்கே இந்தப் பங்கின் அனுமதிக் கடிதத்தோடுதான் போக வேண்டும்.

உறவை மறைப்பது

நம் ஊரில் அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிப்பது பெருமை. ஊரே அறிந்த முறை என்பதால் ஃபாதரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றுவதில்லை. திருச்சபைச் சட்டத்தில் பக்கவழி இரத்த உறவு நான்காம் படி வரை தடை. படியை எண்ணுவது இப்படி: பெண்ணிலிருந்து மேலே போய்ப் பொதுவான தாத்தாவைத் தொட்டு மாப்பிள்ளை வரை இறங்குங்கள். தாத்தாவை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணினால் அத்தை மகன், மாமன் மகளுக்கு நான்கு வரும். ஆயரிடம் விலக்கு வாங்கினால் இந்த மணம் நடக்கலாம். தாய்மாமனும் அக்கா மகளும் மூன்றாம் படி. அந்த விலக்கு எளிதில் கிடைக்காது. விலக்கு வாங்காமல் நடந்தால் ஆயிரம் பேர் வாழ்த்தியிருந்தாலும் திருச்சபையின் பார்வையில் அந்த மணம் செல்லாது. தலைமுறை விவரத்தை ஒரு தாளில் எழுதி முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

கலப்பு மணத்திலும் வேறு விதமான குழப்பம் உண்டு. சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) பெண்ணோ மாப்பிள்ளையோ என்றால் அனுமதி போதும். இந்து, முஸ்லிம் என்றால் விலக்கு வேண்டும். அவர்கள் மதம் மாறக் கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு இன்னும் ஓடுகிறது. அப்படி எதுவும் கிடையாது. தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கத் தரப்பு. மற்றவருக்கு அந்த வாக்கு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத் தேதிக்காக அவசர அவசரமாகத் திருமுழுக்குக் கேட்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும். விரும்பாத ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது அந்தப் பிள்ளைக்கும் அவமரியாதை, திருமுழுக்குக்கும் அவமரியாதை. விலக்கு வாங்கி, திருப்பலி (பூசை) இல்லாமல் திருமணச் சடங்கை மட்டும் நடத்த வழி இருக்கிறது. அதை உறவினர்களிடம் முன்பே சொல்லிவிட்டால் அன்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெண்ணுக்குப் பதில் நீங்கள் பேசுவது

ஓலை எழுதும்போது ஃபாதர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே கேட்பார். யாராவது வற்புறுத்தினார்களா, முழு மனதோடு சம்மதிக்கிறாயா, ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கிறதா. இந்தக் கேள்விகளுக்காகத்தான் இத்தனை தாளும். ஆனால் அம்மா கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். பெண் வாயைத் திறக்கும் முன் "அவளுக்குச் சம்மதந்தான் ஃபாதர்" என்பார்.

சில வருடம் முன்பு ஒரு பெண் அப்படித் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஃபாதர் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். அன்று ஓலை எழுதவில்லை. இரண்டு குடும்பமும் எங்கள் மேல் கோபப்பட்டது. ஒரு வருடம் போல அவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று எழுதாமல் விட்டதுதான் சரி. இருவரின் சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது, அதை வேறு எந்த மனித ஆற்றலாலும் ஈடுகட்ட முடியாது என்று 1983-ன் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அம்மாவின் ஆற்றலும் அதில் அடக்கம். வீட்டிலேயே பெண்ணைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அவள் அழுதால், ஏன் அழுகிறாள் என்று கேட்டு முடியும் வரை பத்திரிகை அடிக்கக் கொடுக்காதீர்கள்.

விசாவுக்காக முன்பே பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்களும் அதை மறைக்க வேண்டாம். அரசுச் சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே தம்பதி. ஃபாதருக்கு அது தெரிந்தால்தான் பதிவேட்டில் சரியாக எழுத முடியும்.

கல்யாண நாளில்

கேமராக்காரரை முந்தின நாளே ஃபாதரிடம் கூட்டிவந்து எங்கே நிற்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாலி கட்டும்போது பீடத்தைச் சுற்றி ஐந்து பேர் நிற்கிறார்கள். ஆனால் மணம் நிறைவேறுவது அதற்கு முன்பு, வலது கைகளைச் சேர்த்து "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று சொல்லும் வார்த்தைப்பாட்டில்தான். அந்த நேரத்தில் கோயில் அமைதியாக இருக்கட்டும். இருவரும் அதை முன்பே வாய்விட்டுப் படித்துப் பழகியிருந்தால் நடுக்கமில்லாமல் சொல்வார்கள். பாடல்களைப் பாடகர் குழுவோடு முன்பே பேசிவிடுங்கள். சினிமாப் பாட்டுக்குத் திருப்பலியில் இடமில்லை.

நேரத்துக்கு வாருங்கள். பத்தரை மணித் திருப்பலிக்குப் பதினொன்றே காலுக்கு வந்தால், அடுத்து அதே கோயிலில் அடக்கத் திருப்பலிக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் தாமதம்.

சாட்சிகள் இருவர். பதினெட்டு வயது நிறைந்த, கையெழுத்துப் போடும்வரை மண்டபத்துக்கு ஓடாத இருவரைப் பார்த்து வையுங்கள்.

கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடியவில்லை. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி எந்த மதத் திருமணமும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். கோயில் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்து நிற்பவர்கள் உண்டு. சான்றிதழை வாங்கும்போது அங்கேயே நின்று இரண்டு பெயரையும், அப்பா அம்மா பெயரையும், பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் மை காயும் முன் என்னைப் போன்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். அன்றே திருத்தித் தருவோம்.