தேரையின் நீர்ச் சமநிலையில் ஹார்மோனின் பங்கை எடை பார்த்து அறிவது எப்படி?

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத் தரையில் தொடைகளை விரித்து அமர்ந்து, அடிவயிற்றின் பின்பகுதித் தோல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்கதுப்புச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினால் தவளையின் எடை கூடுவதை 1921-இல் புருன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார்; அந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆய்வகத்தில் அதைத் தேரையில் செய்து பார்க்க, நுண்ணிய தராசும் கடிகாரமும் அடிப்படைத் தேவைகள். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது.

முதலில் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். பலரும் அலட்சியப்படுத்தும் படி இதுதான். தேரையின் சிறுநீர்ப்பை வெறும் கழிவுப்பை அன்று, சேமிப்புத் தொட்டி. சில இனங்களில் அங்கே தேங்கும் நீர்த்த சிறுநீர் உடல் எடையில் கால் பங்கையும் தாண்டும். கல்லுக்குள் தேரை பிழைத்திருப்பதாகச் சொல்லும் நம் பேச்சு மிகைதான் என்றாலும், வறண்ட நாள்களை அது கடப்பதற்கு இந்தச் சேமிப்பு பெரிதும் உதவுகிறது. காலியான பின் எடுக்கும் எடையே அடிப்படை எடை.

நன்கு நீரூட்டிய தேரைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். வாடிய தேரையின் இரத்தத்தில், பிட்யூட்டரிச் சாற்றில் வேலை செய்யும் ஹார்மோனான ஆர்ஜினின் வாசோடோசின் ஏற்கெனவே மிகுந்திருப்பதால் ஊசியின் விளைவு தெளிவாகத் தெரியாது. ஒரு குழுவுக்கு வாசோடோசினையும் மற்றொரு குழுவுக்கு ரிங்கர் கரைசலை (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) மட்டும் செலுத்தி, வயிறு நனையுமளவு குளோரின் நீக்கிய நீரில் அமர்த்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றித் துடைத்து எடை பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எடை ஏறியதைக் கண்டதும் தோல்தான் வேலை செய்தது என்று எழுதிவிடாதீர்கள். இந்த ஹார்மோன் சிறுநீரகத்தின் வடிகட்டலையும் குறைக்கிறது, சிறுநீர்ப்பையிலிருந்து நீரை உடலுக்குத் திருப்பவும் செய்கிறது. எடை காட்டுவது இவை அனைத்தின் நிகர விளைவையே. சிறுநீர் வெளியேறாதபடி தடுத்துவிட்டால், எடை ஏற்றத்தைத் தோலின் கணக்காகக் கொள்ளலாம்.

சிறுநீர்ப்பையின் பங்கை மட்டும் பிரித்தறிய 1958-இல் பென்ட்லி வெளியிட்ட முறை ஏற்றது. பிரித்தெடுத்த பையில் நீர்த்த ரிங்கர் கரைசலை நிரப்பி, முழுச் செறிவுள்ள ரிங்கரில் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். ஹார்மோன் இல்லாதபோது நீர் மிகச் சிறிதளவே கசியும். வெளிக் கரைசலில் ஹார்மோனைச் சேர்த்தால் பை விரைவாக எடை இழக்கும். பைக்குள் சேர்த்தால் பலனில்லை, ஏனெனில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் உள்ளன. ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லினுள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு பெருகி, நுண்பைகளில் காத்திருந்த அக்குவாபோரின் என்ற நீர்வழிப் புரதங்கள் சிறுநீரை நோக்கிய மறுபக்கச் சவ்வில் பதிந்து நீருக்கு வழி திறக்கின்றன.

உப்புச் சமநிலையைக் காக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டீரோனின் விளைவை இதே கால அட்டவணையில் தேடாதீர்கள்: அது புதிய புரதங்களை உருவாக்கச் செய்து சோடியம் கடத்தலைக் கூட்டுவதால், அதன் விளைவு தெரிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.