டேஷ்போர்டைக் கழற்றாதீர்கள்: காருக்குள் வரும் சத்தத்தைத் தேடும்போது செய்யும் தவறுகள்

ரோடு கொஞ்சம் மோசமானால் போதும், டேஷ்போர்டுப் பக்கம் கட கட என்கிறது. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது ஸ்க்ரூடிரைவரை. பாதித் தலைவலி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

க்ளவ் பாக்ஸில் கிடக்கும் கண்ணாடிக் கூடு, கதவுப் பையில் உருளும் பாட்டில், டிக்கியில் சரியாக முடுக்காத ஸ்டெப்னியும் ஜாக்கியும், இவற்றையெல்லாம் வெளியே எடுத்து வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் சத்தம் நிற்காதபோது நடக்கும் தவறுகளைப் பற்றியே இங்கே பேச்சு.

எல்லாச் சத்தத்துக்கும் ஒரே வைத்தியம்

கட கட, கீச் கீச், ஜிர்ர்ர். மூன்றும் வேறு வேறு நோய்.

கட கட என்றால் இரண்டு பாகங்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்து ஒன்றை ஒன்று தட்டுகிறது. இடைவெளியை அடைத்தாலோ, கழன்றதை முடுக்கினாலோ நின்றுவிடும். கீச் என்றால் இரண்டு பரப்புகள் ஒட்டியும் வழுக்கியும் உரசுகின்றன. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக், ரெக்ஸின் சீட்டோடு கன்சோல், கதவு பீடிங்கோடு (ஓர ரப்பரோடு) பெயின்ட். இதை இன்னும் இறுக்கினால் அதிகம் கத்தும். நடுவில் துணி டேப் வேண்டும், அல்லது உலர் மசகு. மூன்றாவது ஜிர்ர்ர், இன்ஜின் சுற்றோடு வந்து போவது. 1,500 ஆர்பிஎம்மில் வந்து 1,800-ல் காணாமல் போகிறதென்றால் ஏதோ ஒரு மெல்லிய பாகம் அந்த அதிர்வில் மட்டும் சேர்ந்து ஆடுகிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்றி இறக்கினாலே இது பிடிபடும். இதற்கு ரோட்டில் போக வேண்டியதே இல்லை.

டயரில் 40 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு தேடுவது

காற்று அதிகமானால் டயர் கல்லாகி, ரோட்டின் ஒவ்வொரு அதிர்வையும் உள்ளே அனுப்பும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் பில்லரில் (கதவை ஒட்டிய தூணில்) ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கும் அளவை, டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள். பிறகு பேசலாம்.

காதை நம்புவது

முன் கண்ணாடி ஒரு பெரிய சாய்ந்த சுவர். மேல் ஸ்தாயிச் சத்தம் எங்கிருந்து கிளம்பினாலும் அதில் பட்டுத் திரும்பி வருவதால், எல்லாமே டேஷ்போர்டிலிருந்து வருவதுபோலக் கேட்கும். தோளுக்குப் பின்னால் இருக்கும் சீட் பெல்ட் உயர அட்ஜஸ்டர் தட்டுவதைக்கூட மீட்டருக்குள் தட்டுவதாகச் சத்தியம் செய்வார்கள்.

ஓட்டுகிறவர் தேடக்கூடாது. இன்னொருவர் ஓட்டட்டும். தேடுகிறவர் முன் சீட்டில் ஒரு முறை, பின் சீட்டில் ஒரு முறை உட்காரட்டும். அதே ரோடு, அதே 20 கிலோமீட்டர் வேகம், ஏசி ஃபேனும் பாட்டும் ஆஃப். சந்தேகப்படும் இடத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தினால் நிற்க வேண்டும், எடுத்தால் மறுபடி வர வேண்டும். மூன்று முறை அப்படி நடந்தால்தான் அது ஆதாரம். ஒரு முறை நின்றதெல்லாம் ரோடு நல்லதாகிப் போனதாலும் இருக்கும்.

கதவுகளுக்கு வேறொரு வழி உண்டு. டோன் ஜெனரேட்டர் (ஒரே ஸ்தாயியில் ஒலி எழுப்பும்) ஆப் ஒன்றை போனில் போட்டு, காரின் மியூசிக் சிஸ்டத்தோடு ப்ளூடூத்தில் இணைத்து, 30 ஹெர்ட்ஸிலிருந்து 150 வரை மெதுவாக ஏற்றுங்கள். தளர்ந்திருக்கும் கதவு பேட் (கதவின் உள்பக்கப் பலகை), ஸ்பீக்கர் ஸ்க்ரூ, உள்ளே கிடக்கும் ஒயர் எல்லாம் அததன் இடத்தில் தானாகவே பேசும். வால்யூம் நடுத்தரமாகவே இருக்கட்டும். ஒரே ஒலியை ஓங்கி வைத்துவிட்டு நின்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும்.

டேஷ்போர்டை மொத்தமாக இறக்குவது

இந்தத் தவறைப் பார்க்கும்போது வரும் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. காசு, நேரம், காரின் ஆயுள் மூன்றும் ஒரே நாளில் போகும் வேலை இது. வண்டி வாங்கி இரண்டு வருடம் கூட ஆகியிருக்காது. ‘உள்ளே ஏதோ ஆடுது, இறக்கிப் பார்த்துடலாம்’ என்று யாரோ சொல்வார்கள், உரிமையாளரும் தலையாட்டுவார்.

டேஷ்போர்டு என்பது முன்னால் மாட்டிய ஒற்றைப் பலகை அல்ல. அதன் பின்னால் வண்டியின் அகலத்துக்கு ஒரு இரும்புக் குறுக்குக் கம்பி, அதன் மேல் ஏசி டக்ட், ஒயரிங் கட்டு, ஏர்பேக், ஸ்டீயரிங் தண்டு எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அதை இறக்க ஸ்டீயரிங் வீலையும் கழற்ற வேண்டும், நடுக் கன்சோலையும் கழற்ற வேண்டும், கனெக்டர்களை டஜன் கணக்கில் பிடுங்க வேண்டும். பேக்டரியில் ஒரு ஜிக்கில் (அளவு பிசகாமல் பிடிக்கும் சட்டத்தில்) வைத்து ஒரே மூச்சில் ஏற்றியதை, தரையில் கோணிச் சாக்கு விரித்துத் திரும்ப ஏற்றும்போது அதே பொருத்தம் வராது.

குறிப்பாக நான்கு இடங்களில் கெடும். ஒயரிங்கைக் கம்பியோடு பிடித்திருக்கும் ‘மரக் கிளிப்’ (மரக்கிளை போல விரிந்த பிளாஸ்டிக் கிளிப்) பிடுங்கும்போது உடையும், ஒயர் தொங்கும், தொங்கும் கனெக்டர் ஏசி டக்டைத் தட்டும். முன்பு இல்லாத புதுச் சத்தம் இது. அடுத்தது டக்ட் இணைப்புகளில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் கிழிவது. அதன் பிறகு பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் நேராக உரசும், கூடவே ஏசிக் காற்றும் கசியும். மூன்றாவதாக, ட்ரிம்மை (உள் அலங்கார மூடியை)ப் பிடிக்கும் இரும்புக் கிளிப்பின் வாய் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் விரிந்துகொண்டே போகும். கடைசி, ஸ்க்ரூ. பிளாஸ்டிக் துளையில் பழைய மரையைத் தேடாமல் நேராக முடுக்கினால் புது மரை வெட்டி, மூன்றாவது தடவையில் சும்மா சுற்ற ஆரம்பிக்கும். ஸ்க்ரூவை முதலில் இடது பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ‘டக்’ என்று பழைய மரைக்குள் விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலது பக்கம், கையால், இறுகும் வரை மட்டும். பேட்டரி டிரில் வேண்டாம்.

ஒரு ஹேட்ச்பேக் கதையைக் கேளுங்கள். இடது மூலையில், கண்ணாடி ஓரமாக, கட கட. டேஷ்போர்டு இரண்டு முறை இறங்கி ஏறியது. முதல் முறைக்குப் பிறகு அந்தச் சத்தம் அப்படியே இருந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு மீட்டர் பக்கம் கீச்சென்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. கடைசியில் பானெட்டைத் திறந்தால், வைப்பருக்குக் கீழே ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் கவரில் ஒரு கிளிப்பைக் காணோம். சில மாதங்களுக்கு முன் முன் கண்ணாடி மாற்றியபோது போட மறந்தது. கவரின் நுனி கண்ணாடியின் அடி விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது கண்ணாடியின் தடிமன் மட்டும்தான். சரிசெய்ய ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும் பத்து நிமிடமும் போதுமானதாக இருந்தது. டேஷ்போர்டில் அதன் பிறகு வந்த கீச்சை முழுக்கப் போக்கவே முடியவில்லை.

ஆகவே டேஷ்போர்டின் மேல் பழியைப் போடும் முன் வெளியே பாருங்கள். வைப்பர் கவரின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அமுக்குங்கள். பானெட்டைத் தாங்கும் கம்பி அதன் பிடியில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பானெட்டின் ரப்பர் முட்டுகள் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையே இல்லாமல் வந்தால் பானெட் மேலே மிதக்கிறது என்று அர்த்தம். அந்த ரப்பர் முட்டினை அரைச் சுற்று உயர்த்தி மறுபடி சோதியுங்கள்.

அடுத்தது வண்டிக்கு அடியில். சின்னச் சின்னக் குழியில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் முன் பக்கம் கட கட என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (சஸ்பென்ஷனில் உள்ள சின்ன இணைப்புக் கம்பி) பெரும்பாலும் முதல் சந்தேகம். அதே ரோட்டில் பிரேக் பெடலை லேசாக, வண்டி வேகம் குறையாத அளவு தொட்டுப் பாருங்கள். தொட்டதும் சத்தம் நின்றால் பிரேக் பேட் காலிப்பருக்குள் ஆடுகிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி, சாய்வாக, நடை வேகத்தில் இறங்குங்கள். பாடி முறுக்கிக்கொள்ளும். அப்போது கீச் வந்தால் கதவு பீடிங், பில்லர் ட்ரிம், பின் சீட் பக்கம்; டொம் என்று வந்தால் சஸ்பென்ஷன். இதில் எதற்கும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் டேஷ்போர்டுதான் என்று கை சொன்னால், முதலில் கண்ணாடிக்கும் டேஷ்போர்டு விளிம்புக்கும் நடுவில் மடித்த விசிட்டிங் கார்டைச் செருகுங்கள். ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி ஓட்டுங்கள். நின்ற இடத்தில் 3 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய ஃபோம் பட்டையை நுழைத்தால் பல வண்டிகளில் அதோடு முடிந்தது. பிறகு க்ளவ் பாக்ஸ், பக்கவாட்டு மூடி, மீட்டரைச் சுற்றிய ட்ரிம், மியூசிக் சிஸ்டம் ட்ரிம் என்று தனித்தனியாக வரும் பாகங்கள். வெளிக் கடையில் மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா உள்ள வண்டியென்றால் ஸ்டீரியோவின் பின்னால் சுருட்டித் திணித்த ஒயர் கட்டைத்தான் முதலில் பாருங்கள். துணி டேப் சுற்றி ஏதாவது ஒரு கம்பியோடு சேர்த்துக் கட்டினால் போதும்.

பில்லருக்குள் ஸ்பாஞ்ச் திணிப்பது

பில்லர் ட்ரிம்மில் ஏர்பேக் என்று எழுத்துப் பொறித்திருந்தால் உள்ளே திரை ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. அது விரியும் வழியில் எதையும் அடைக்கக் கூடாது. அந்த ட்ரிம்மின் கிளிப்பும் சாதாரணக் கிளிப் அல்ல. ஏர்பேக் வெடிக்கும்போது ட்ரிம் முகத்தில் பறக்காமல் பிடித்துக்கொள்ளும்படி செய்தது. சில மாடல்களில் ஒரு முறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றைப் போடக் கூடாது. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும், சீட்டுக்கு அடியில் இருப்பதைக்கூட, பிடுங்காதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும்.

எதற்கெடுத்தாலும் டபிள்யூடி-40

அந்தப் பெயரே ‘வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்பதன் சுருக்கம். ஈரத்தை விரட்டச் செய்தது. கதவு பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் அதற்கு ஆகாது, ஊறிப் பருக்கும். ஒரு வாரம் அமைதி, பிறகு தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகக் கத்தும். வாஸ்லினும் இதே ஜாதிதான். பீடிங்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிகான் கிரீஸை விரல் நுனியால் மிக மெல்லிய படலமாகத் தேய்க்க வேண்டும். ஒரு கதவுக்கு ஒரு பட்டாணி அளவு தாராளம்.

கறுப்பு இன்சுலேஷன் டேப்

வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை எளிதாகத் தொடும். எலெக்ட்ரிக் டேப்பின் பசை இளகி வழியும், டேப் நழுவும், அதன் பிவிசி பரப்பே கீச்சிடும். கார் கம்பெனிகள் ஒயரிங்கில் சுற்றும் கம்பளி போன்ற ஃபிளீஸ் டேப்பைக் கேட்டு வாங்குங்கள். டெசா 51608 அந்த வகை, 19 மி.மீ. அகலத்தில் ஒரு ரோல் பல வருடம் வரும்.

அதே டேப்பைப் பின் சீட் கொக்கி மாட்டும் இரும்பு வளையத்தில் சுற்றலாம். ஆனால் ஒரே சுற்று. இரண்டு மூன்று சுற்றினால் கொக்கி முழுதாக விழாது. சீட்டின் மேலே சிவப்பு அடையாளம் தெரிகிறதென்றால் லாக் ஆகவில்லை, பிரேக் அடித்தால் சீட் முன்னால் மடியும். டேப்பை உரித்துவிடுங்கள், சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தெர்மோகோல்

அதுவே கீச்சிடும்.

கதவு பேடைத் திறந்து உள் ஷீட்டைக் கிழிப்பது

பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் பேக்கிங் கவர் அல்ல. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரைக் கீழே உள்ள துளை வழியாக வெளியேற்றுவதே அதன் வேலை. கத்தியால் கிழித்துவிட்டு அப்படியே மூடினால் அடுத்த மழையில் கார்ப்பெட் நனையும். கறுப்புப் பிசின் கோட்டை மெதுவாக உரித்து, முடித்ததும் அதே கோட்டில் அழுத்தி ஒட்டுங்கள். காய்ந்திருந்தால் புது பியூட்டில் டேப்.

பேடைத் திறக்கும் முன்பே நான்கைந்து கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கிளிப்பாவது உடைந்தே தீரும். இழுக்கும்போது சில கிளிப் பேடோடு வராமல் கதவுத் தகட்டிலேயே நின்றுவிடும். அதை நோஸ் பிளேயரால் உருவி, பேடின் காடியில் மாட்டிவிட்டுத்தான் பேடை அறைய வேண்டும். அப்படியே அறைந்தால் கிளிப் உடைந்து கதவுக்குள் விழும். பல கதவுகளில் கட கட என்பது முன்பு யாரோ இப்படி விழவைத்த துண்டுதான்.

ஒரே நாளில் ஐந்து இடத்தில் டேப் ஒட்டுவது

எது வேலை செய்தது என்று தெரியாது.

மாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முடிந்தது என்பது

பிளாஸ்டிக் காலைக் குளிரில் சுருங்கும், மதிய வெயிலில் விரியும். காலையில் கட கட, மதியம் கீச் என்று ஒரே ட்ரிம் இரண்டு குரலில் பேசும். விடியற்காலை ஒரு முறை, இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தி எடுத்தவுடன் ஒரு முறை, ஏசி போட்டு அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறை, அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். மதியம் மட்டும் மறுபடி வந்தால், வைத்த ஃபோம் தடிமன் அதிகம். 3 மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு அங்கே ஒற்றைச் சுற்று ஃபிளீஸ் டேப் ஒட்டுங்கள்.