உயில் இல்லாத சொத்து: முதலில் வாரிசுகளைச் சரியாக எண்ணுங்கள்

அப்பா உயில் எழுதிவைக்காமல் காலமானார். அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டையும் வங்கி வைப்புத்தொகையையும் எங்கள் பெயருக்கு மாற்றியபோது கற்றவற்றை, தமிழ்நாட்டில் இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பங்களுக்கே இது உதவும். கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு.

படி 1: இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, அதிலுள்ள பெயரும் முதலெழுத்தும் கிரயப் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் அப்போதே திருத்த விண்ணப்பியுங்கள்.

படி 2: வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் இடறியது இங்கேதான். அம்மா, நான், தம்பி, தங்கை என்று நால்வரை மட்டும் எழுதியிருந்தோம், விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர், திண்ணையில் அமர்ந்திருந்த அப்பத்தாவைப் பார்த்துவிட்டு, "இவர் பெயர் எங்கே?" என்று கேட்டார். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது சொத்தில் முதலில் பங்கு பெறும் வரிசையில் உள்ளவர். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே அளவு பங்கு அவருக்கும் உண்டு. இறந்தவரின் தந்தையோ முதல் வகுப்பில் வரமாட்டார். ஆகவே எங்கள் வீடு நான்கு பங்கல்ல, ஐந்து பங்கு. அப்பத்தாவை விட்டுவிட்டுப் பத்திரம் பதிந்திருந்தால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் காலத்துக்குப் பின் சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் எங்களுக்கும் சேர்ந்து போயிருக்கும். வீட்டை விற்கும் நாளில் அத்தனை பேரின் கையெழுத்தும் தேவைப்பட்டிருக்கும்.

படி 3: வழக்கறிஞரைப் பார்க்கும் முன் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்), பட்டா, சொத்துவரி ரசீது ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே எடுப்பது நல்லது. ஒவ்வொரு பதிவையும் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. பங்கு மறுக்கப்பட்டு நிற்கும் சகோதரிகள் பலருக்கு இது தெரியாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

படி 4: ஒருவருக்கே வீடு போவதென்றால், மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் போதும், பிரித்துக்கொள்வதென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும். எதுவானாலும் பதிவு செய்யுங்கள். பொது அதிகாரப் பத்திரம் கொடுத்து ஒருவரை மட்டும் அனுப்பும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்பத்தா தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தபோது, அவரை இறுதிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் செய்தோம். அப்படி எழுதியிருந்தால், பராமரிப்பு கிடைக்காதபோது 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தை நாடி அதை ரத்துச் செய்யக் கோரலாம். பதிவு அலுவலகத்தில் அவருடைய தேய்ந்த ரேகை கருவியில் பதியவே இல்லை. ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்து, ஐந்தாவது முயற்சியில்தான் பதிந்தது. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

படி 5: பதிவுக்குப் பின் பட்டா மாற்றம். உட்பிரிவு செய்ய வேண்டிய நிலமாக இருந்தால் நில அளவர் வந்து அளந்த பிறகே பட்டா கிடைக்கும். அளக்கும்போது நேரில் நில்லுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர் கேட்ட கேள்விகளுக்கான விடைகளையும் சேர்க்கிறேன். வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. நாமினி இல்லாத பெருந்தொகைக்கு வங்கி, இறந்தவரின் பணத்தைப் பெறும் உரிமையைக் காட்டும் இறங்குரிமைச் சான்றிதழைக் கேட்கலாம். அதை வழங்குவது வட்டாட்சியர் அல்ல, உரிமையியல் நீதிமன்றம். அடுத்து, திருமணமான மகளுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு உண்டா என்ற கேள்வி. உண்டு. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை இத்திருத்தம் கலைக்காது. ஆகவே வில்லங்கச் சான்றை எடுக்கும்போது அந்தத் தேதிக்கு முந்தைய ஆண்டுகளையும் சேர்த்தே எடுங்கள்.