கடை பிராண்ட் ஆயில் ஃபில்டர் நின்றுபோனால்: காரணம் அறிவதும் சரியான மாற்று எடுப்பதும்

அமெரிக்காவில் வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றிக்கொள்கிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. நாலைந்து டாலருக்குக் கிடைத்துவந்த, கடை தன் பெயரில் விற்கும் (கடை பிராண்ட்) ஃபில்டர் ஒருநாள் ஷெல்ஃபில் இருக்காது. இருந்தாலும் கிளியரன்ஸ் சீட்டு ஒட்டி ஒன்றிரண்டு கிடக்கும். பக்கத்திலேயே அதே வண்டிக்கு ஒன்பது, பத்து டாலர் ஃபில்டர் வரிசையாக நிற்கும். மட்டமான சரக்கு என்பதால்தான் எடுத்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. ஷெல்ஃப் இடம், சப்ளையர் ஒப்பந்தம், ஆயில் மாற்றும் இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் மலிவு ஃபில்டரை வெளியே தள்ளுகின்றன. எது காரணம் என்று தெரிந்தால், மிச்சமிருப்பதை வாங்கி வைக்கலாமா, வேறு எண்ணுக்கு மாறுவதா என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வேலை: உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள்

ஸ்டாக் இல்லை, எண் மாறிவிட்டது, நிறுத்தப்பட்டது என்று மூன்று நிலைகள் உண்டு. கவுன்டரில் "இன்னின்ன வண்டிக்கு மலிவு ஃபில்டர் இருக்கிறதா" என்று கேட்டால் எதிரிலிருப்பவர் கையிலிருப்பதை எடுத்துத் தருவார். பழைய பெட்டியிலுள்ள பார்ட் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டால் அதற்குப் பதிலாக வந்த புதிய எண்ணும், வேறு கிளைகளின் இருப்பும் தெரியும்.

பிறகு ஷெல்ஃபை ஒரு சுற்றுப் பாருங்கள். உங்கள் எண் மட்டும் காணாமல் போயிருந்தால், அந்த வட்டாரத்தில் அந்த இஞ்சின் ஓடும் வண்டிகள் குறைந்திருக்கலாம்; அல்லது கம்பெனி ஒரே மரை (திருகும் வரிகள்), ஒரே கேஸ்கெட் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உள்ள இரண்டு டப்பாக்களை ஒரே எண்ணாக்கியிருக்கலாம். வரிசை முழுக்க மெலிந்து, நன்றாக ஓடும் எண்கள் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த பிராண்டையே எடுக்கப்போகிறார்கள். மெதுவாக விற்கும் எண்கள்தான் எப்போதும் முதலில் போகும்.

ஏன் எடுக்கிறார்கள்

ஃபில்டர் விற்கும் பெரிய கடைகளான ஆட்டோசோன், ஓ'ரைலி, அட்வான்ஸ், நாப்பா, வால்மார்ட் எதுவும் ஃபில்டர் செய்வதில்லை. வால்மார்ட்டின் சூப்பர்டெக், ஓ'ரைலியின் மைக்ரோகார்டு, அட்வான்ஸின் கார்க்வெஸ்ட் எல்லாமே வெளியே செய்யவைத்து மேலே பெயர் அச்சிட்டவை. செய்கிற தொழிற்சாலைகளோ கொஞ்சம்தான். இலினாய் மாநிலம் ஆல்பியனிலுள்ள சாம்பியன் லேபரட்டரீஸும், வட கரோலினா காஸ்டோனியாவிலிருந்து வளர்ந்த விக்ஸும் நெடுங்காலம் பல கடைகளுக்குச் செய்துகொடுத்தன. ஜெர்மனியின் மான்+ஹம்மல் கம்பெனி ஏற்கெனவே பியூரொலேட்டர் என்ற ஃபில்டர் பிராண்டைக் கையில் வைத்திருந்தது. 2016-ல் விக்ஸையும் வாங்கியது. ஃப்ராம் என்ற ஃபில்டர் பிராண்டின் உரிமையாளரான ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ் 2025 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. இப்படிக் கை மாறும்போதெல்லாம் பழைய ஒப்பந்தங்கள் மறுபடி பேசப்படுகின்றன. அப்போது முதலில் வெட்டுப்படுவது லாபம் குறைந்த வரிசை.

லாபக் கணக்கை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். நாலு டாலர் ஃபில்டரில் கடைக்கு 40% நின்றால் கிடைப்பது 1.60 டாலர். ஒன்பது டாலர் ஃபில்டரில் அதே 40% என்றால் 3.60 டாலர். இரண்டுக்கும் ஷெல்ஃப் இடம் ஒன்றே, அடுக்கும் கூலி ஒன்றே, தவறாக வாங்கிப்போனவர் திருப்பிக் கொண்டுவந்தால் ஆகும் செலவும் ஒன்றே. ஃபில்டரின் எடை கொஞ்சம், அடைக்கும் இடம் அதிகம். லாரியும் கன்டெய்னரும் இடத்துக்குத்தான் வாடகை கேட்கின்றன. 2021-ல் கப்பல் கன்டெய்னர் வாடகை எகிறியபோது அடிமட்ட விலைச் சரக்குகளில்தான் அந்தச் சுமை அதிகம் தெரிந்தது. பத்து டாலர் பொருளில் அரை டாலர் ஏறினால் யாரும் கவனிப்பதில்லை. மூன்று டாலர் பொருளில் அது பெரிய ஏற்றம்.

எண்களின் பெருக்கம் இன்னொரு காரணம். ஊரில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் ஃபில்டர் வைக்க ஒரு பிராண்டில் சில நூறு எண்கள் வேண்டும். அவற்றில் வேகமாக விற்பது கொஞ்சம்தான். முன்பு திருகிப் பொருத்தும் டப்பா மட்டும் இருந்த இடத்தில் இப்போது டொயோட்டா, பிஎம்டபிள்யூ, மெர்சிடஸ் என்று பலவற்றுக்கு உள்ளே மாற்றும் கார்ட்ரிட்ஜ் வகையும் சேர்ந்துவிட்டது. மலிவு, நடுத்தரம், உயர்தரம் என்று மூன்று வரிசையும் வைத்தால் இந்த எண்ணிக்கை மூன்று மடங்காகும். ஒன்றைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் எதைக் குறைப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். கடைகளின் எண்ணிக்கையே சுருங்கும்போது இந்த வெட்டு இன்னும் வேகமாகும். அட்வான்ஸ் 2024 நவம்பரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளை மூடுவதாக அறிவித்தது.

ஆயில் மாற்றும் பழக்கமும் மாறிவிட்டது. 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றிய காலத்தில் செல்லுலோஸ் காகிதமும் கறுப்பு நைட்ரைல் ரப்பரும் கொண்ட எளிய ஃபில்டர் தாராளமாகப் போதும். சிந்தெடிக் ஆயில் வந்த பிறகு 5,000, 7,500 என்று நீண்டு, டொயோட்டா தன் பல இஞ்சின்களுக்கு 10,000 மைல் வரை அனுமதிக்கிறது. ஐயாயிரத்துக்குச் செய்த ஃபில்டரைப் பத்தாயிரம் ஓட்டிவிட்டு வருகிறவரோடு வாதாட எந்தக் கடைக்கும் விருப்பமில்லை. பலர் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து ஒரே விலையில் வாங்குகிறார்கள். அந்தச் சலுகையில் நடுத்தர ஃபில்டரை வைத்தால் மொத்த விலை அதிகம் ஏறுவதில்லை, புகாரும் குறைகிறது.

இதில் வாங்குகிறவர் கண்ணுக்கே படாத ஒன்றும் உண்டு. சில சமயம் பிராண்ட் நிற்பதில்லை, செய்கிறவர் மட்டும் மாறுகிறார். புதிய சப்ளையர் பழைய சப்ளையரின் சரக்கைத் தானே விலைகொடுத்து எடுத்துக்கொண்டு தன் சரக்கை அடுக்குவது இந்தத் தொழிலில் வழக்கம். பெட்டி, நிறம், எண் எல்லாம் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது வேறு. பழைய ஃபில்டரையும் புதியதையும் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். அடித்தட்டில் ஆயில் நுழையும் துளைகளின் எண்ணிக்கை, அவற்றின் வடிவம், உள்ளே தெரியும் ரப்பரின் நிறம், எந்த நாட்டில் செய்தது என்ற அச்சு, இவற்றில் இரண்டு வித்தியாசப்பட்டாலே தொழிற்சாலை மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாற்று எண்ணைக் கண்டுபிடிப்பது

கடை பிராண்ட் எண்கள் பெரும்பாலும் இரண்டு பெரிய கம்பெனிகளின் எண்ணையே ஒட்டி வந்தவை. ஃப்ராமில் பிஎச்3614 என்றால் சூப்பர்டெக்கில் எஸ்டி3614. விக்ஸில் 51348 என்றால் மைக்ரோகார்டில் எம்ஜிஎல்51348, கார்க்வெஸ்டில் 85348, நாப்பா கோல்டில் 1348. இவை எல்லாம் ஒரே வண்டிகளுக்கானவை. நின்றுபோன ஃபில்டரின் எண்ணில் கடைசி மூன்று, நாலு இலக்கம் எந்தக் குடும்பம் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, புதிய பிராண்டின் கேட்டலாகில் உங்கள் வண்டியின் வருடம், இஞ்சின் அளவைப் போட்டுச் சரிபார்ப்பது. இதைத் தவிர்க்காதீர்கள்.

தவிர்த்தால் வரும் ஆபத்தில் பெரியது மரை. பழைய அமெரிக்க வண்டிகள் பலவற்றிலும் பல டொயோட்டாக்களிலும் 3/4-16 மரை (3/4 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 வரி). பல ஹோண்டாக்களில் எம்20×1.5. 3/4 அங்குலம் என்பது 19.05 மி.மீ., அதன் மரை இடைவெளி 1.59 மி.மீ. மற்றது 20 மி.மீ., 1.5 மி.மீ. டப்பா உயரமும் கேஸ்கெட் வட்டமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். 3/4 ஸ்டட்டில் (ஃபில்டர் ஏறும் மரைக் குழாயில்) எம்20 ஃபில்டரைத் திருகினால் கொஞ்சம் லொடலொடவென்று ஆடிக்கொண்டே ஏறும், கேஸ்கெட் தொட்டதும் இறுகியதுபோலத் தெரியும். உண்மையில் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். குளிரில் ஸ்டார்ட் செய்து ஆயில் அழுத்தம் ஏறும்போது ஃபில்டர் பிடுங்கிக்கொண்டு, சம்ப்பில் (இஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) இருக்கும் ஆயிலெல்லாம் ரோட்டில் கொட்டும். கேஸ்கெட்டைத் தொடுவதற்கு முன்பே ஃபில்டர் பக்கவாட்டில் ஆடினால் உடனே கழற்றுங்கள். வெர்னியர் அளவுகோல் இருந்தால் ஸ்டட்டை அளந்துவிடலாம்.

அடுத்து பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டாலோ ஆயில் குளிரில் கெட்டியானாலோ இந்த வால்வு திறந்து வடிக்காத ஆயிலை இஞ்சினுக்கு அனுப்புகிறது. பல வண்டிகளுக்கு இது 8 முதல் 16 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவில் திறக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) பிஎஃப்48 ஃபில்டர் குடும்பத்துக்கு 22 பிஎஸ்ஐ. பெரிய அளவு ஆயில் பம்ப் உள்ள இஞ்சினில் குறைந்த அழுத்த வால்வைப் போட்டால் அது தேவையில்லாமல் அடிக்கடி திறக்கும், வடிகட்டலே குறையும். மரை சரியாக இருந்தால் போதும் என்று வேறு வண்டியின் பெரிய டப்பாவைப் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சில இஞ்சின்களில் பைபாஸ் வால்வு இஞ்சின் பிளாக்கிலேயே (இஞ்சின் உடலிலேயே) இருக்கும். அவற்றுக்கான ஃபில்டரில் வால்வே இருக்காது. அதைப் பிளாக்கில் வால்வு இல்லாத வண்டியில் போடக் கூடாது.

ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர், ஃபில்டர் படுத்தோ தலைகீழாகவோ இருக்கும் வண்டிகளில் மிக முக்கியம். சுபாருவின் எஃப்பி இஞ்சினில் ஃபில்டர் மேலே தலைகீழாக நிற்கிறது. நைட்ரைல் சூட்டில் விறைத்துப்போகும், சிலிக்கான் அதிக நாள் வளைந்து கொடுக்கும். சிலிக்கான் பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பில் வரும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் மாற்றிய பிறகு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றிரண்டு விநாடி கடகடவென்று சத்தம் புதிதாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ரப்பரைத்தான்.

பெட்டியில் வடிகட்டும் திறன் 99% என்று போட்டிருந்தால் எத்தனை மைக்ரான் (மி.மீ.-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் தூசிக்கு என்று தேடுங்கள். ஐஎஸ்ஓ 4548-12 என்ற சர்வதேசச் சோதனை முறையில் 20 மைக்ரானில் 99% என்றால் அது நல்ல ஃபில்டர். மைக்ரான் சொல்லாத சதவீதத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

விலைதான் கவலை என்றால், வண்டிக் கம்பெனி ஃபில்டரின் விலையைக் கட்டாயம் கேளுங்கள். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட் எஃப்எல்-500எஸ் வால்மார்ட்டிலேயே கிடைக்கும். டொயோட்டா டீலர்களிடம் பெட்டியாக வாங்கினால் ஒன்றின் விலை கடையின் நடுத்தர ஃபில்டரைவிடக் குறைவாகவே வருவதுண்டு. வேறு பிராண்ட் போட்டால் வாரன்டி போய்விடும் என்று டீலர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. 1975-ன் மாக்னஸன்-மாஸ் சட்டப்படி, ஃபில்டரை இலவசமாகத் தராத கம்பெனி தன் பிராண்டையே வாங்கவேண்டும் என்று நிபந்தனை போட முடியாது. பிரச்சினைக்கு அந்த ஃபில்டரே காரணம் என்றால் அதை அவர்கள்தான் காட்ட வேண்டும். ரசீதையும், தேதியும் மைலும் எழுதிய பெட்டியின் படத்தையும் வைத்திருங்கள். பிராண்டே மறைந்த பிறகு எதைப் போட்டீர்கள் என்று நிரூபிக்க வேறு வழியில்லை.

கிளியரன்ஸில் கிடப்பதை வாங்கலாமா

வாங்கலாம், உலர்ந்த இடத்தில் பெட்டியோடு வைத்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த வண்டியை அதற்குள் விற்கப்போவதில்லை என்றால் மூன்று, நாலு போதும். கவுன்டரிலேயே பெட்டியைத் திறந்து, டப்பாமேல் அச்சான எண்ணும் பெட்டி எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். திருப்பித் தந்த வேறு ஃபில்டரோ, பழைய ஃபில்டரோ பெட்டிக்குள் போய்விடுவது கிளியரன்ஸ் மேசையில் சாதாரணம். அடித்தட்டில் நசுங்கல், மரையில் துரு, கேஸ்கெட்டில் தட்டையான அழுத்தம் இருந்தால் வேண்டாம். பிளாஸ்டிக் மூடி இல்லாத டப்பாவுக்குள் தூசி போயிருக்கும், அதுவும் வேண்டாம்.

புதிய பிராண்டை முதல்முறை போடும்போது

பழைய கேஸ்கெட் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். கேஸ்கெட்மேல் கேஸ்கெட் ஏறினால் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் ஆயில் வெளியே வந்துவிடும். புதிய கேஸ்கெட்டில் புது ஆயில் தடவி, கையால் திருகி, கேஸ்கெட் தொட்டபின் டப்பாவில் அச்சிட்ட அளவுக்கு, பொதுவாக முக்கால் சுற்று, இறுக்குங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள்.

அடுத்த ஆயில் மாற்றத்தில் அந்த ஃபில்டரை எறிவதற்கு முன் ஃபில்டர் கட்டரால் மேல்விளிம்பைச் சுற்றி அறுத்துத் திறந்து பாருங்கள். ரம்பம் வேண்டாம், அதன் இரும்புத் தூள் விழுந்தால் இஞ்சினிலிருந்து வந்ததா என்று குழப்பும். காகித மடிப்புகள் சம இடைவெளியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் வாய் பிளந்திருந்தால் அங்கேதான் கிழியும். மடிப்புகள் சேரும் தையலோரமும், மேல்கீழ் மூடிகளில் பசை பிடித்த இடமும் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுக்குழாயின் துளைகள் சரியாகத் திறந்திருக்க வேண்டும். சீவல்போல வெட்டிய துளைகளில் சில சரியாகத் திறக்காமலே வருவதுண்டு. கிழிசல் இருந்தால் அதே பிராண்டில் கையிலிருக்கும் மிச்சத்தையும் போடாமல், அறுத்த ஃபில்டரையும் பெட்டியையும் எறியாமல் வைத்துக்கொண்டு, டப்பாவில் அச்சான தேதிக் குறியீட்டோடு செய்த கம்பெனிக்கு எழுதுங்கள்.